முப்பத்தொரு வினாடி கோல்கீப்பர்

ஓர்லோவில் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே பனியில் சறுக்கவும் பழகிவிடும். கிளேட்டன் பிலிப்சுக் என்பவனுக்கு இரண்டுமே தாமதமாகத்தான் வந்தன. அதனால் ஏழு வயதில் அவனைக் கோல் வலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஓட வராதவனை நிற்க வைப்பது சஸ்காச்சவன் சமவெளியில் திறமையைக் கண்டுபிடிக்கும் முறை.

நின்றான். நன்றாகவே நின்றான். பத்தொன்பது வயதில் சம்பளத்துக்கு நிற்க ஆரம்பித்தான். அடுத்த பதினான்கு வருடங்களில் பதினொரு அணிகள், எல்லாம் சின்ன லீக். பேருந்தில் ஒன்பது மணி நேரம் போய், தோற்று, மறுபடி ஒன்பது மணி நேரம் திரும்புவதற்குத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி என்று பெயர்.

பெரிய லீக்கிலிருந்தும் அழைப்பு வராமல் இல்லை. அங்கே கோல்கீப்பர் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் பிலியைக் கூப்பிடுவார்கள்; பிலி என்பதுதான் கிளேட்டனின் செல்லப் பெயர். மொத்தம் நாற்பத்தொரு ஆட்டங்களுக்கு முழுக் கவசமும் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தலையில் அணியின் தொப்பி, கையில் சூரியகாந்தி விதை, அதன் தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை. ஆட்டக்காரர்கள் மாறும்போது பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது அவன் வேலை. அந்தக் கதவை அவனைப்போலத் திறக்க அந்த லீக்கில் ஆள் கிடையாது. ஆனால் பனியில் கால் வைக்காதவரை கணக்கில் அது ஆட்டமே இல்லை. பிலியின் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான் இருந்தது.

இந்தப் பூஜ்யம் அவனைவிட ஊரைத்தான் அதிகம் உறுத்தியது. பக்கத்து ஊரின் நெடுஞ்சாலைப் பலகையில் பெரிய லீக்கில் ஆடிய இரண்டு பேரின் பெயர்கள் இருக்கின்றன. ஓர்லோவின் பலகையில் 'உலகின் இரண்டாவது பெரிய பைரோகி சிலை' என்று மட்டும் இருக்கிறது. பைரோகி என்றால் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. முதல் பெரிய பைரோகியும் வேறு ஊரில்தான். அதற்குக் கீழே ஓர் இடத்தை ஊராட்சி காலியாகவே வைத்திருந்தது. பெரிய லீக்கில் ஆடியவன் பெயர்தான் அங்கே ஏறும் என்பது தீர்மானம்.

கோடையில் ஊருக்கு வரும்போதெல்லாம் பனித்தளத்துக் கேன்டீன் நடத்தும் பெர்னீஸ் அவனைச் சும்மா விடமாட்டாள்.

"என்ன பிலி, இந்த வருஷமாவது எந்திரிச்சியா, இல்ல பெஞ்சுதான் தேஞ்சுச்சா?"

"பாட்டு போட்டாங்க பெர்னீஸ், தேசிய கீதம். அதுக்கு எந்திரிச்சேன்."

"நல்லா நின்னிருப்ப. உனக்குத்தான் நிக்க வருமே."

சிரிப்பான். ஆனால் ஊருக்குள் வண்டி திரும்பும்போதெல்லாம் அவன் கண் அந்தக் காலி இடத்துக்குத்தான் போகும்.

முப்பத்து மூன்றாவது வயதில், ஒரு மார்ச் மாதம், நாற்பத்திரண்டாவது முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். அணி இரண்டுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தது. ஒன்றரை நிமிடம் பாக்கி இருக்கும்போது ஒருத்தன் வந்து மோதியதில் முதல் கோல்கீப்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

கோச் திரும்பிப் பார்த்தார். "பிலி, போ. வட்டு நம்ம கைக்கு வர்ற வரைக்கும்தான். நான் கைய ஆட்டுனதும் ஓடி வந்துடணும். புரியுதா?"

புரியாமல் என்ன? தோற்கும் அணி கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுத் தாக்குவதற்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளும். பதினான்கு வருடத் தவத்துக்குக் கிடைத்த வரம், உடனே கிளம்பிவிடு என்பதுதான்.

ஒன்பதாவது வினாடியில் அவன் அணிக்கு வட்டு கிடைத்தது. கோச் கையை ஆட்டினார். பெஞ்சில் ஆறாவது ஆள் தடுப்பின்மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். பிலி பார்த்தான். பார்த்துவிட்டு வலையின் கம்பத்தை மட்டையால் தட்டி, முகமூடியைச் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"பிலீ! செவிடாடா நீ? வாடா!"

இன்னும் கொஞ்சம் நின்றான். நடுத்தளத்தில் வட்டு பறிபோனது. வலை காலி என்று நினைத்த எதிரணிக்காரன் தூரத்திலிருந்தே அடித்தான். வட்டு இடுப்புயரத்தில் வந்தது. பிலி கையுறையில் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். விசில் ஒலித்தது.

முப்பத்தொரு வினாடி, ஒரு தடுப்பு. கோச் அவனை வெளியே அழைத்தார், இந்த முறை கையை ஆட்டவில்லை, பார்த்தார். ஆட்டம் இரண்டுக்கு மூன்றாகவே முடிந்தது. மறுநாள் காலை பிலி சின்ன லீக் பேருந்தில் இருந்தான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பனித்தளத்துக் கேன்டீனில் ஊராட்சி கூடியது. சீசன் முடிந்து வந்திருந்த பிலியும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பலகையில் பெயர் போடுவதா என்பது ஒன்றுதான் பேச்சு. வேறு ஊராக இருந்தால் முப்பத்தொரு வினாடி ஓர் ஆட்டமாகுமா என்று கேட்டிருப்பார்கள். ஓர்லோவில் ஹாக்கி தெரியாதவர்கள் இல்லை என்பதுதான் தொல்லை.

"கோச் கைய ஆட்டுனாரு. டிவில நாங்க எல்லாரும் பார்த்தோம்," என்றார் உறுப்பினர் ஆர்னி. "இவன் கம்பத்தைத் தட்டிட்டு நிக்கிறான்."

"ஓடியிருந்தா அந்த வட்டு காலி வலைக்குள்ள போயிருக்கும்ல?" என்றாள் பெர்னீஸ். அவளும் உறுப்பினர்தான்.

"இவன் ஓடியிருந்தா ஆறாவது ஆளு உள்ள வந்திருப்பான். வட்டே பறிபோயிருக்காது."

இப்படியே மூன்று சுற்றுக் காப்பி போனது. கைதூக்கச் சொன்னபோது மூன்றுக்கு மூன்று. மிச்சமிருந்த ஏழாவது உறுப்பினர் மெட்ரோ பிலிப்சுக். கிளேட்டனின் அப்பா. அதுவரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"கோச் கைய ஆட்டுனது உனக்குத் தெரிஞ்சுதாடா?"

கேன்டீனே பிலியைத் திரும்பிப் பார்த்தது. 'கூட்டத்துல தெரியலப்பா' என்ற ஒரே வரி போதும். கம்பத்தைத் தட்டியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். பெர்னீஸ் கண்ணாலேயே அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுது," என்றான் பிலி. "போனா திரும்ப வரமாட்டோம்னு தெரியும்ப்பா. அதான் நின்னேன்."

அப்பா தலையாட்டினார். "கோச் கூப்பிட்டா வரணும்," என்று சொல்லி, வேண்டாம் என்ற பக்கம் கையைத் தூக்கினார்.

நாலுக்கு மூன்று. பைரோகி தனியாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அப்பாவும் மகனும் வண்டியில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலை ஏறி, பலகையைத் தாண்டி, கோதுமைக் கிடங்கு வரை வந்தபிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"பிடிச்சது நல்ல பிடி."

பிலி திரும்பிப் பார்த்தான்.

"ஆனா கையுறை ஒரு விரக்கடை கீழ இருந்துச்சு. ஏழு வயசுலேர்ந்து சொல்றேன், கேக்கறியா நீ?"