துப்புகிற வால்வும் மெஹருன்னிசாவும்

மெஹருன்னிசா இறந்த செய்தி எங்கள் தொழிற்சாலை கேன்டீனை நடத்தும் சேகரின் குரலில் போனில் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தேன். "சார், நம்ம மெஹர்ம்மா பூட்டாங்க சார். மார் வலிக்குதுன்னு சொன்னாங்களாம், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." முன்னால் நின்ற லாரி நகர்ந்துபோன பிறகும் நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

திருவொற்றியூரில் உள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நாங்கள் எதிரெதிர் மேசைக்காரர்கள். எனக்கு மின்சாரம், அவருக்குத் தண்ணீர். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அவரைப் "பொறுமையின் சிகரம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. அவரோடு ஒரு நாள் வேலை பார்த்தவருக்குக்கூடத் தெரியும், மெஹருக்குப் பொறுமை கிடையாது. தப்பான குழாய் இணைப்பைப் பார்த்தால் மூக்கு சுருங்கும். "கலீஜ்" என்பார், அசிங்கத்துக்கு அவர் ஊர்ச் சொல் அது. வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்; அலுவலகத்தில் அளந்து பேசுவார், கோபம் வந்தால் பேட்டை பேசும்.

எங்கள் கேன்டீனுக்கும் பாய்லருக்கும் தெருவில் இருந்து வரும் ஒரே குழாய்தான். தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் விழும். அப்போது துருப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்த பாய்லர் தண்ணீர் பின்னால் திரும்பி கேன்டீனுக்குப் போகலாம். அங்கிருந்து காலடிப்பேட்டை வீடுகளுக்கும் போகலாம். அதைத் தடுக்க மெஹர் முதலில் கேட்டது வால்வே அல்ல. பாய்லர் தொட்டிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குழாயை நிறுத்தி, தண்ணீரை விழவிடச் சொன்னார். "காத்து இடைவெளிக்கு ரிப்பேரே வராது பாஸ்கர்" என்பார் என்னிடம். பாய்லர் அறையில் அதற்கு இடமில்லை. எனவே வால்வைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள்.

மேனேஜர் ஒற்றைக் கதவு வால்வே போதும் என்றார். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கதவு மூடாது, மூடவில்லை என்று யாருக்கும் தெரியவும் தெரியாது என்றார் மெஹர். அவர் கேட்டது இரண்டு கதவும், நடுவில் ஒரு வடிகால் வாயும் உள்ள வால்வு. கதவு பழுதானால் தண்ணீர் திரும்பிப் போகாமல் அந்த வாய் வழியாகத் தரையில் கொட்டிவிடும். "மெட்ராஸ்ல இருந்துகிட்டுத் தண்ணிய தரையில ஊத்தச் சொல்றீங்களே மேடம்" என்று மேனேஜர் சிரித்தார். மெஹருக்கு மூக்கு சுருங்கியது. "இன்னா சார் பேசறீங்கோ? அது துப்பலேன்னா நாங்க முழுங்கணும். உங்களுக்கு இன்னா, கேன் தண்ணி கீது." அவர் கேட்ட வால்வு வந்தது.

வந்த வால்வு ஒருநாள் துப்பியது. சேகர் அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், காபிக்கு. மெஹர் குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்தார். சேகருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மாந் தண்ணிய கீய ஊத்திட்டீங்களேம்மா. வூட்ல ஒரு கொடத்துக்கு லாரி பின்னால ஓடறோம்." மெஹர் கத்தவில்லை. "நானும் ஓடிருக்கேன் சேகரு. ஆனா இத்த உன் புள்ளைக்குக் குடுப்பியா, சொல்லு?" சேகர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. தண்ணீர் சிந்தினால் மனசு பதறும் ஊர் இது.

போன வாரம் கம்பெனியில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவர் வீட்டார் வேண்டாம் என்று சொல்லியும் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பாய்லர் அறைக்குப் போனேன். வால்வின் வாயில் ரப்பரைத் திணித்து, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பின்னாலேயே வந்த சேகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கூட்டத்துக்கு ஆளுங்க வராங்கோ, தரை ஈரமா கீதுன்னு மேனேஜரு காலீல அடைக்க சொன்னாரு சார்."

யாருக்கு அஞ்சலி செலுத்தினார்களோ, அவர் கொண்டுவந்த வால்வின் வாயை அந்த அஞ்சலிக்காகவே அடைத்திருக்கிறார்கள். டியூபை அறுத்தேன். மஞ்சளாக, மருந்து நெடியோடு தண்ணீர் பீய்ச்சியடித்து என் கால்சட்டையை நனைத்தது.

கூட்டம் நடந்த கூடத்துக்கு ஓடினேன். கேன்டீன் குழாய்த் தண்ணீரில் போட்ட காபி டிரம்மை அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு பிடியை நான் பிடித்தேன். கேட்காமலே சேகர் மறுபிடியைப் பிடித்தார். இருவருமாக வாசலுக்குத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தோம். "பாஸ்கர், இரங்கல் கூட்டத்துல என்ன இது அசிங்கம்?" என்று மேனேஜர் வெளியே வந்தார். அவர் கையில் பாட்டில் தண்ணீர். நனைந்த காலை நீட்டினேன். "மோந்து பாருங்க சார்." இரண்டடி பின்னால் போய்விட்டார்.

மெஹர், உங்களிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது உங்களுடைய அருவருப்பை. அது இல்லாதவர்கள் கையில்தான் நாங்கள் குடிக்கும் தண்ணீர் இருக்கிறது.