பழைய வண்டிக்குப் புதுச் சத்தம்

அந்தத் தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட கோணல் மூக்காக இருந்தாலும் அவள் பொருத்திக் கொடுத்த கண்ணாடி வழுக்காது.

அவளுடைய மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள நான் போனேன். முதியவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது கட்டிலின் உயரத்தையும் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பதையும்தான். அந்த வீட்டில் கம்பி இருந்தது. அவளே சுவரில் துளை போட்டு மாட்டியிருந்தாள். சரி, இங்கே வேலை செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் ஆலையில் இயந்திரங்களைப் பிரித்துப் பொருத்தும் பிட்டராக இருந்தவர். காலையில் சாப்பிட்டது அவருக்கு மதியம் நினைவிருக்காது. என்னைத் தன் பழைய சூப்பர்வைசர் என்று நினைத்து, நான் அறைக்குள் வந்தாலே போர்வையை ஒழுங்குபடுத்துவார். எனக்கு அது வசதியாகவே இருந்தது. மாத்திரையை மறுக்காமல் விழுங்கிவிடுவார். ஆனால் சாயங்காலச் சாப்பாட்டுக்கு மட்டும் சூப்பர்வைசர் பேச்சு செல்லாது. மகன் வேலையிலிருந்து வந்தால்தான் சாப்பிடுவார். வாழ்நாள் பழக்கம்.

மகன் முந்தின வருஷம் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தான். இதயம். அங்கே நின்ற அவனுடைய மோட்டார் சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

முதல் நாள் நான் கிளம்புகிற நேரத்தில் கீழே அந்த வண்டியின் சத்தம் கேட்டது. கரகரவென்று, தொண்டை கட்டிய ஆள் பேசுவது போல. இரண்டு முறை உறுமிவிட்டு, அணையும்போது 'டப்' என்று ஒரு வெடி. மாமனாரின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

"வந்துட்டான். தட்டை எடும்மா."

படியேறி வந்தது கண்ணாடிக்காரி. கையில் வண்டிச் சாவி.

"எங்க அவன்?" என்றார் மாமனார்.

"கை கால் கழுவுறாரு மாமா. நீங்க ஆரம்பிங்க."

அவர் சாப்பிட ஆரம்பித்தார். பாதித் தட்டு முடிவதற்குள் யாருக்காகக் காத்திருந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

நினைவு தப்பியவரிடம் வாதாடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். அதனால் நானும் இதற்கு உடந்தையானேன். ஸ்டார்ட் செய்ய மட்டும் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். பெட்ரோலை வாங்கிவந்து ஊற்றுவாள். நடுஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் மேல் ஏறாமல், பக்கத்தில் நின்றபடியே உதைப்பாள். அணைத்த பிறகு உடனே மேலே வர மாட்டாள். பெட்ரோல் டாங்கியின் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம், மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது, கீழே இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். பீரோ ஏற்றிவந்த வேன் ஒன்று பின்னோக்கி வந்து வண்டியைச் சாய்த்து அதன் மேல் ஏறி நின்றிருந்தது. டிரைவர் இறங்கி முதலில் தன் வேனின் பம்பரைத் தடவிப் பார்த்தான்.

"யாரு வண்டி இது? இப்படியா வழியில நிறுத்துவாங்க?"

தையல்காரர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். "சுவத்தோட ஒட்டித்தானேப்பா நிக்குது? இதுக்கு மேல ஒட்டணும்னா சுண்ணாம்பு மாதிரி பூசித்தான் விடணும்."

"பாக்கலைண்ணே."

"பின்னாடி வர்றவன் பின்னாடி பாக்கணும். கழுத்தைச் சும்மா அழகுக்கா வெச்சிருக்கு?"

நான் கடைக்குப் போன் செய்தேன். கண்ணாடிக்காரி இடுப்பில் கட்டிய வேலைத் துணியைக்கூட அவிழ்க்காமல், முழங்கை வரை லென்ஸ் தூளோடு வந்தாள். சண்டை நடக்கும் என்று நாலு பேர் கூடியிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து வண்டியைப் பார்த்தாள். டாங்கி ஒடுங்கியிருந்தது. சைலன்சர் சப்பட்டையாகிக் கிடந்தது. நிமிர்த்தி நிறுத்தச் சொல்லி உதைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்ப உதைத்தாள். வண்டி மூச்சு விடவில்லை.

அவள் திட்டாததாலேயே டிரைவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, தப்பு என்னுதுதான். ஆகிற செலவைக் குடுத்துடறேன். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. டயர்ல காத்தே இல்ல. இது ஓடுற வண்டியா?"

"ஓட வேணாம். கத்தினா போதும்."

"என்னது?"

"காசு வேணாம். பெயின்ட் வேணாம். ஸ்டார்ட் பண்ணினா முன்ன மாதிரி சத்தம் வரணும். அது போதும்."

டிரைவர் தையல்காரரைப் பார்த்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மனிதர், அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார். திரும்பி வந்தவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"எம் மச்சான் மெக்கானிக்தான்க்கா. நானே ஏத்திட்டுப் போறேன். கோயில் மாதிரி பாத்துக்கறேன்."

வண்டி போய்விட்டது. அன்று சாயங்காலம் தட்டை வைத்தோம். மாமனார் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"அவன் வரட்டும்."

"போன் பண்ணினாரு மாமா. லேட்டாகுமாம், உங்களைச் சாப்பிடச் சொன்னாரு."

"லேட்டானா ஆகட்டும். நான் எங்கயும் ஓடிப் போகலை."

தையல்காரர் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி முறுக்கிப் பார்த்தார். மாமனார் மேலேயிருந்து கேட்டுவிட்டு, "தையக்காரன் வண்டி. பெல்ட் தேஞ்சுபோச்சு, மாத்தச் சொல்லு," என்றார். தையல்காரர் போய்ப் பார்த்தாராம். தேய்ந்துதான் இருந்ததாம். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகும் தட்டு அப்படியே இருந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் இதே கதை. இரவு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. அவருக்கு மேல்கையில் தோல் தொங்க ஆரம்பித்தது. இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று அவளிடம் சொன்னேன். எதையும் பூசி மெழுகிச் சொல்வது என் வழக்கமில்லை. அவள் தினமும் மெக்கானிக் கடைக்குப் போன் செய்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றார்கள்.

கடைசியில் வண்டி வந்தது. வேனிலிருந்து இறக்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒடுக்கு எடுத்து, கறுப்புப் பூசி, டயருக்குக் காற்றடித்து, மணப்பெண் மாதிரி கொண்டுவந்திருந்தான் டிரைவர். அவனுக்கு முகமெல்லாம் பல்.

"மச்சான்கிட்ட சொல்லிட்டேன்க்கா, அந்தக்கா ஒண்ணும் கேக்கலைன்னு நாம அரைகுறையா செய்யக் கூடாதுன்னு. இஞ்சினைப் பிரிச்சுக் கழுவி எல்லாம் செட் பண்ணியாச்சு. உதைச்சுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கும்."

நான் மேலே மாமனாருக்குப் பக்கத்தில் தட்டோடு தயாராக இருந்தேன். அவள் உதைத்தாள். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. கரகரப்பே இல்லாத, வழுவழுப்பான சத்தம். அணைத்தபோது வெடி இல்லை.

மாமனார் தலையைத் தூக்கிக் கவனித்தார். "யாரோ வந்திருக்காங்க. நல்ல வண்டி. அவன் இன்னும் வரலைன்னு சொல்லு."

கீழே மறுபடி உதைத்தாள். மறுபடியும்.

"பாவம், போக மனசில்லாம நிக்கறாங்க. மேல வந்து உக்காரச் சொல்லு."

நான் இறங்கிப் போனபோது அவள் வண்டியின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"பழைய சைலன்சர் எங்க?"

"அது சப்பையாப் போச்சேக்கா. பழைய இரும்புக் கடையில போட்டாச்சு. இது புதுசு."

டிரைவர் என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன்: "பெரியவருக்கு இது வேற யாரோ வண்டி."

அவன் உடனே வேனை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனான். இருட்டுவதற்குள் திரும்பினான். கை இரண்டும் துரு. பழையது கடையில் போட்ட அன்றைக்கே லாரியில் போய்விட்டதாம். மச்சானிடமிருந்து ஒரு துளைக்கருவி கொண்டுவந்திருந்தான். கரகரப்பு வரட்டும் என்று புது சைலன்சரில் துளை போட்டு அவனே உதைத்தான். இரண்டு வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன.

மேலேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "எவனோ நல்ல வண்டியை ஓட்டை போட்டுக் கெடுத்து வெச்சிருக்கான்."

டிரைவர் படியில் உட்கார்ந்துவிட்டான். "நல்லா செய்யணும்னுதான்க்கா செஞ்சேன்," என்றான். துரு போகவே போகாது என்பது போலக் கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"தெரியும்ப்பா. வீட்டுக்குப் போ," என்றாள் அவள்.

மேலே வந்தாள். மாமனார் கேட்டார். "அவன் எங்கம்மா இன்னும் காணோம்?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

"அவர் வர மாட்டார் மாமா. செத்துப்போயிட்டார்."

அவர் தன் கைவிரல்களைப் பார்த்தார்.

"எப்ப?"

"போன வருஷம்."

"நான் போயிருந்தேனா?"

"நீங்கதான் மாமா முன்னாடி நின்னு எல்லாம் செஞ்சீங்க."

"அழுதேனா?"

"இல்ல. நான் சாப்பிடலைன்னு எனக்கு ஊட்டிவிட்டீங்க."

அவர் தலையாட்டினார். அப்படித்தான் செய்திருப்பேன் என்பது போல. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் பிசைந்து எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இப்ப சாப்பிட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள். சத்தம் போட்டு, சோறு தொண்டையில் சிக்கும்படி அழுதாள். நான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினேன். அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அவர் அந்தத் தட்டை முடித்தார்.

மறுநாள் அவருக்கு அதில் எதுவும் நினைவில்லை. அவன் வந்துட்டானா என்று வழக்கம்போலக் கேட்டார். இன்னொரு தடவை அவருக்கு மகனைச் சாகடிக்காதே என்று நான் அவளிடம் முந்தின இரவே சொல்லியிருந்தேன். அவள் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, "எனக்குப் பசிக்குது மாமா," என்றாள். அவர் ஊட்டிவிட்டார். தானும் சாப்பிட்டார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். உடம்பு தேறியது. நோயாளி சாப்பிட வேண்டும் என்பதுதான் என் கவலை. அது தீர்ந்தது.

அவளுடையது தீரவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்ய இப்போது காரணமில்லை. ஆனாலும் கடையிலிருந்து வந்ததும் சுவரோரம் போய் டாங்கியின் மேல் கை வைப்பாள். சூடில்லாத டாங்கி. உடனே கையை எடுத்துக்கொண்டு மேலே வருவாள். மாமனார் சாப்பிடுவதற்காக என்று சொல்லிக்கொண்டு அத்தனை நாளும் அவளும்தான் புருஷனை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இரும்புக் கடை லாரியில் ஏறிப் போய்விட்டது.

சில வாரம் கழித்து அவளே டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஓடுகிற வண்டி சும்மா நிற்கக் கூடாது, யாராவது ஓட்டுகிறவருக்குக் கொடுத்துவிடு என்றாள். வேண்டாங்க்கா என்று அவன் எவ்வளவோ சொன்னான். சாவியை அவன் கையில் வைத்துவிட்டு மேலே வந்து தட்டுப் போட்டாள்.

கீழே அவன் உதைத்தான். இடையில் எப்போதோ வந்து துளையை அடைத்துவிட்டிருந்தான் போல. வழுவழுவென்ற அந்தச் சத்தம் தெருவில் போய், முனையில் திரும்பி, மங்கியது. மாமனார் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டார்.

"யாரோ கிளம்பிட்டாங்க போல."

"ஆமா மாமா. கிளம்பிட்டாரு."

"சாப்பிட்டுப் போகச் சொல்லலையா?"

"சொல்லியிருக்கலாம் மாமா," என்றாள். "காலையில அவசரமா போனாரு. சொல்ல முடியலை."

அவர் ஒரு வாய் பிசைந்து நீட்டினார். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.