அசையாமல் நிற்பவரின் வேலை

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தொலைபேசியில் செய்தி வந்தது. ஜெகநாதன் சேர் காலமாகிவிட்டார். அவரை அறிந்தவர்களுக்காக எழுத உட்கார்ந்தால் அழுகையை விடப் பரபரப்புத்தான் முன்னால் வருகிறது. அவருடன் இருந்த நாட்கள் அப்படிப்பட்டவை.

தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளர் அவர். அதை விட்டு, பொறியியல் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். "மெசின் திருத்துறத விட்டுட்டு பேப்பர் திருத்தப் போறாராம்!" என்று தொழிற்சாலையில் சிரித்தார்கள்.

"திருத்த இல்லை. ஏன் பிழைச்சதெண்டு பாக்கப் போறன். மெசினுக்கும் அதைத்தானே செய்தனான்?" என்றார் சேர்.

பட்டம் முடித்த கையோடு அவருக்கு உதவியாளரானேன். புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் விடைத்தாள்களைச் சரி, பிழை என்று பிரிக்க வேண்டும். கூடையைச் சுமந்து அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை எவ்வளவு என்பது ஒரு கேள்வி. பாரம் நகராவிட்டால் பௌதிகவியலில் வேலை இல்லை, ஆகவே பூச்சியம் என்பதே விடை. சிலர், பாரம் கூடக்கூட வேலையும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். அவற்றைப் பிழையில் சேர்க்க எனக்குக் கை வரவில்லை. தனியாக வைத்தேன்.

"இதென்ன பிள்ளை, மூண்டாவது கட்டு?" என்று கேட்டார் சேர்.

குனிந்தபடி சொன்னேன்: "எங்கம்மா தேயிலக் கொழுந்து நிறுக்க கூடையோட வரிசையில நிக்கிறாங்க சேர். அது வேல இல்லன்னு தோட்டத்துப் புள்ளைங்க எப்பிடி எழுதுவாங்க?"

சேர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். மறுநாள் எங்கள் தோட்டத்து நிறுவை வரிசைக்கு வந்து, பௌதிகவியலில் இது வேலை இல்லை என்று அம்மாவிடமே சொன்னார். அம்மா முதுகுக் கூடையைக் கழற்றி அதன் கயிற்றை அவர் தலையில் மாட்டினார். "அப்ப வேல செய்யாம இப்பிடியே நில்லுங்க சேர். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்." வரிசையே சிரித்தது. சேர்தான் அதிகம் சிரித்தார்.

ஆராய்ச்சியைத் தொடர விடுவதா என்று முடிவெடுக்க ஒரு குழு கூடியது. மறுத்தால் சேருக்குத் திரும்பிப் போகப் பழைய பதவியும் இல்லை. "பிழையான விடையில ஆராய என்ன இருக்கு?" என்றார் குழுத் தலைவர்.

சேர் என்னைக் காட்டினார். "அதில இருக்கிறதை முதல் கண்டது இவதான். இவவே சொல்லட்டும்."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் எழுந்தேன். கூடையின் பாரத்தையும் அம்மாவின் கழுத்து வலியையும் சொன்னேன். "பாடத்துல வர்றதுக்கும் அம்மா படுறதுக்கும் வேலைன்னு ஒரே சொல்லுதாங்க. புள்ளைங்க எந்த வேலைய நினைச்சு எழுதுறாங்கன்னு தெரியாம எப்பிடிங்க படிப்பிக்கிறது?"

தலைவர் பேனாவைத் திறந்தார். "இப்படிக் குழப்புற சொல் வேற என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

இப்போது நானும் படிப்பிக்கிறேன். விடை பூச்சியம்தான் என்று மழுப்பாமல் சொல்கிறேன், ஆனால் பிள்ளைகள் தங்கள் விடையைச் சொன்ன பிறகுதான். கடைசி வாங்கில் இருக்கும் கூச்சக்காரப் பிள்ளை பிழையாக ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, என்னவாக இருக்கும் என்று என் மனம் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் சேருடையது. அதை நான் வைத்திருக்கிறேன்.