வெட்டாமல் கொடுத்த வீடியோ

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நான் எப்படி அடித்தேன் என்பதை வீடியோவில்தான் பார்த்தேன். அடித்த அன்று எனக்கு அது ஒரு தட்டாகத்தான் ஞாபகம் இருந்தது.

அப்போது நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் பயிற்சி. ஸ்மார்ட் போர்டில் ஒரு பாடம் நடத்தி, அதை முழுவதும் செல்போனில் படம்பிடித்துக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். ஒலி பாடத்துக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து அசையும் படங்கள் செய்திருந்தேன். அன்று காலை போர்டு இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை படம் வந்து, வகுப்பு அடங்கி, நான் வாயைத் திறந்த நேரத்தில் முன்பெஞ்சுப் பிள்ளையின் கால் வயரில் மாட்டி, லேப்டாப் தரையில் விழுந்தது. திரை ஒடிந்து தொங்கியது. அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த லேப்டாப். வகுப்பே சிரித்தது. நான் அவளை ஒரு தட்டுத் தட்டினேன், பாடத்தைத் தொடர்ந்தேன். என் ஞாபகம் அவ்வளவுதான்.

மறுநாள் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

அவள் குனிந்து லேப்டாப்பை எடுக்கப் பார்க்கிறாள். "சாரி டீச்சர்" என்கிறாள். அன்று அது என் காதில் விழவே இல்லை. என் இடது கை அவள் சடையைப் பிடித்து நிமிர்த்துகிறது. வலது கை கன்னத்தில் அறைகிறது. மறுபடியும். அவள் முகத்தை மறைக்க, அந்தக் கையைப் பிடுங்கி விலக்கிவிட்டு அறைகிறேன். பிறகு சடையை விடாமலே அவள் தலையை பெஞ்சில் மோதுகிறேன். "சவத்து மூதி, கண்ணு தெரியாதா உனக்கு?" கத்துவது என் குரல்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அவளை இழுத்துக் கதவுக்கு வெளியே தள்ளுகிறேன். சேலையைச் சரிசெய்துகொண்டு போர்டுப் பக்கம் திரும்பி, "அப்போ சொல்லுங்க, ஒலி எப்படிப் பரவுது?" என்று இனிமையாகக் கேட்கிறேன்.

அந்த இனிமையை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை ஏன் அடிக்கக்கூடாது என்று தேர்வில் ஐந்து பக்கம் எழுதியவள் நான்.

பயிற்சிக்குப் பொறுப்பான எங்கள் பேராசிரியை பின்னால் நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"வெட்டிரு மக்கா. ரெண்டு நிமிஷம்தானே. முன்னையும் பின்னையும் ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாது" என்றவர், மவுசை வாங்கி எங்கே குறியிட வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டித் தந்தார். வீடியோ வெட்ட நான் அன்றுதான் படித்தேன்.

அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. சனிக்கிழமை விலாசம் கேட்டு வீட்டுக்குப் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்ன ஓட்டு வீடு. அவள் அம்மா அண்டியாபீசில் முந்திரி உடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன.

"இரியுங்க டீச்சர். என்ன செய்தா எனக்க மக? வயித்து வலின்னு கிடக்கா. அப்பம் பள்ளிக்கூடத்துல என்னவோ செய்துட்டுத்தான் கிடக்கா, இல்லியா?"

"இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் சுவரோரம் கிடந்த மரச்சீனிக் கம்பை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளையை வெளியே இழுத்துவந்து கெண்டைக்காலில் அடித்தாள், முதுகில் அடித்தாள். ஓடப் பார்த்த பிள்ளை வாசல் நடையில் தடுக்கி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் குறுக்கே போய்க் கம்பைப் பிடித்தேன். அடுத்த அடி என் மணிக்கட்டில் விழுந்தது.

"அவ ஒண்ணும் செய்யல்ல! நான்தான் அவள அடிச்சேன், தப்பு என்னுது!"

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"நீங்க அடிச்சியளா? அதுக்கு என்ன டீச்சர்? நல்லா அடியுங்க. ஒத்தையில என்னால முடியல்ல."

கம்பை என் கையில் தந்தாள். நிஜமாகவே தந்தாள். நான் அதைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மன்னிச்சிரு மக்கா" என்றேன். அவள் பாவாடை நுனியால் உதட்டைத் துடைத்தாள்.

"நீங்க என்னத்துக்கு டீச்சர் வந்திய? வராம இருந்தா அம்மைக்குத் தெரிஞ்சிருக்காதே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வளையலைக் கழற்றவே பாடாய்ப் போயிற்று.

திங்கட்கிழமை வீடியோவை வெட்டாமல் முழுசாகக் கொடுத்தேன். பேராசிரியைக்குக் கோபம் வந்தது. "நீ நல்லவளாகுறதுக்கு என்னயும் சேத்து மாட்டிவிடுத" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. கல்லூரியிலிருந்து விஷயம் போய், பள்ளித் தலைமையாசிரியை அன்றே என்னை வர வேண்டாம் என்றார். மறு வருஷம் வேறொரு பள்ளியில் முதலிலிருந்து பயிற்சி எடுத்தேன். வீட்டில் அப்பா, "ஒரு அறை அறைஞ்சதுக்கு ஒரு வருஷமா?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரிடம் அந்த வீடியோவைக் காட்டவில்லை.

இப்போது நான் டீச்சர். கை ஓங்குவதில்லை. ஓங்கத் தோன்றியதே இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பிள்ளையைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். நாகர்கோவில் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள், நன்றாக வளர்ந்துவிட்டாள். என்னைக் கண்டதும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவள் போக வேண்டிய இடம் அது இல்லை. அங்கேயே ரோட்டோரம், அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள்.