கேஷ்பேக்கில் வாங்கின காது

எனக்குத் தொண்டை பெருசு. இந்தக் கருத்தையா வீட்டுக்குள்ள பேசுனா எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டுல கேக்கும்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க. அதுக்குக் காரணம் என் தம்பி சுடலைராஜ். கோவில்பட்டியில ஒரு நூல் மில்லுல பதினெட்டு வருஷம் மிஷின் இரைச்சல்ல நின்னு, ரெண்டு காதையும் அங்கனயே விட்டுட்டு வந்தான். பதினோரு வருஷமா அவன் காதுக்கிட்டப் போயிக் கத்திக் கத்தி எனக்குப் பேச்சே கத்தலாப் போச்சு.

நான் சொல்ல வந்தது அவன் பொண்டாட்டி முத்துச்செல்வியப் பத்தி. கடலைமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் போடுற வேலை. பத்தாவது படிச்சவ. தம்பிக்கு இலவசமாக் கெடச்ச காது மிஷின் ஒரே இரைச்சலா இருக்குன்னு அவன் கழட்டி வச்சிட்டான். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு காதுக்கே பதினெட்டாயிரம். அவ சம்பளம் அரிசிக்கும் பிள்ளைக பஸ் பாஸுக்குமே சரியாப் போகும்.

ஒருநாள் பேங்குல அவளுக்குப் புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்திருக்காங்க. அதுலருந்து கரண்டு பில்லு, கேஸு, போன் ரீசார்ஜ் கட்டுனா நூத்துக்கு ஒரு ரூவா கேஷ்பேக்குன்னு திரும்ப வரும்னு சொல்லியிருக்காங்க. நமக்குச் சொல்லியிருந்தா சரின்னு தலையாட்டிட்டு வந்திருப்போம். இவ பஸ்ஸுல வரும்போதே யோசிச்சிருக்கா. நம்ம வீட்டு பில்லுக்கு என்ன வந்துரும், நாலு ரூவா. ஊர் பில்லு பூராவும் நம்ம கைவழியாப் போனா?

ஞாயித்துக்கிழமை காலையில அவ வாசல்ல கூட்டம் நிக்க ஆரம்பிச்சது. ஆளுக்கொரு கரண்டு அட்டை, கேஸ் புக்கு. டவுன் கடையில ஒரு பில்லுக்கு இருவது ரூவா வாங்குவான், பஸ் செலவு வேற. இவ ஒத்தப் பைசா வாங்கல. "உனக்கு என்னட்டி லாபம்?"னு பொம்பளைக கேட்டா ஒளிக்காமச் சொல்லுவா. "நூத்துக்கு ஒண்ணு எனக்கு வரும் மதினி. உங்களுக்கு அலைச்சல் மிச்சம்." வசூலான ரொக்கத்தத் திங்கக்கிழமை டூட்டிக்குப் போற வழியில பேங்கு மிஷின்ல போட்டுருவா. ஒரு கணக்குக்கு மாசம் இவ்வளவுதான் திரும்பத் தருவோம்னு ஒரு வரம்பு இருக்காம். அதத் தெரிஞ்சதும் புருஷன் பேர்லயும் ஒண்ணு ஆரம்பிச்சிட்டா.

நான் சிரிச்சேன். எவன் சும்மா தருவான்னேன். மாசம் அறுநூறு, எழுநூறுன்னு விழுந்துச்சு. அத அவ தொடவே இல்ல. நான் நாலு ஏக்கர் கரிசல்ல உளுந்து போட்டு வானத்தப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அந்த வருஷம் எனக்கு மிஞ்சுனது அவளுக்கு விழுந்ததுல பாதிகூட இல்ல. யம்மாடி, ஒரு செல்போன வச்சுக்கிட்டு இவ மழையில்லாம வெள்ளாமை பண்ணுதாளேன்னு மலைச்சுப் போயிட்டேன். ரெண்டு வருஷத்துல பதினாறாயிரம் சேந்துருச்சு. இன்னும் ரெண்டாயிரம்தான்.

அந்த நேரத்துலதான் நான் கெடுத்தேன்.

எங்க அப்பா பேரு கருப்பசாமி. அவர் செத்து இருவது வருஷம் ஆச்சு, கரண்டு கனெக்‌ஷன் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. எங்க பழைய வீட்ட, திருப்பூர்ல வேலை பாக்குற நம்ம ஊர்ப் பாலகணேஷுக்கு வித்து நாலு வருஷம் ஆகுது. அந்த வீட்டுக் கரண்டும் அப்பா பேர்லயே கிடக்கு. பேரு மாத்த யாரு அலைய? அந்தச் சித்திரையில எம்மக சுந்தரேஸ்வரி பேறுகாலத்துக்கு வந்திருந்தா. ராவும் பகலும் ஏசி ஓடிச்சு. பில்லு கட்டணும்னு டிரங்குப் பெட்டியத் துழாவி ஒரு அட்டைய எடுத்துட்டுப் போய் முத்துச்செல்விட்டக் கொடுத்தேன்.

அவ நம்பரப் போட்டா. "அத்தான், கருப்பசாமின்னு பேரு வருது, சரிதான?"

"மாமனார் பேரு உனக்குத் தெரியாதா?"

"நூத்தறுவது ரூவாதான் காட்டுது. ஏசி ஓடுதே, கம்மியா இருக்கே."

"கம்மியா வந்தா உனக்கென்ன நோவுது? கட்டு."

கேஷ்பேக்குல பேங்குக்காரன் கழிச்சுக்கிட்டான் போலன்னு நெனச்சுச் சந்தோசமா வந்துட்டேன். மறுமாசம் பில்லு கட்டலன்னு கரண்டு ஆபீஸ்காரங்க வந்து பீஸ் கட்டையப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. பச்சப்பிள்ளை வேர்த்துப் போய் வீல் வீல்னு அழுது. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. நேரா அவ வாசலுக்குப் போயி, "ஏட்டி, என் துட்டத் தின்னுட்டியா, திருடி"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். அவ பக்கத்துல என் தம்பி நின்னான். அண்ணன் ஏதோ பேசுதான்னு என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நின்னான்.

சாயங்காலம் எங்க வீட்டுல கரண்டு வந்துருச்சு. ரெண்டாயிரத்து இருநூறு, அபராதத்தோட, அவளே கரண்டு ஆபீசுக்குப் போயிக் கட்டியிருந்தா, அந்தப் பதினாறாயிரத்துலருந்து எடுத்து. தின்னதத் திருப்பிக் கட்டிட்டான்னு ஊரே பேசுச்சு. ஞாயித்துக்கிழமை அவ வாசல்ல ஒரு குருவி கூட இல்ல. அப்படியே ரெண்டு மாசம் போச்சு.

கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருப்பூர்லருந்து பாலகணேஷ் வந்தான். "அண்ணாச்சி, பங்குனியில வந்து தங்கிட்டுப் பூட்டிட்டுப் போன எங்க வீட்டுக்கு யாரோ நூத்தறுவது ரூவா பில்லு கட்டியிருக்காங்களே, நீங்களா?"ன்னான். வீட்டுக்கு ஓடுனேன். பெட்டியத் தொறந்து பாத்தா எங்க வீட்டு அட்டை அடியில கிடக்கு. நான் கொண்டுபோய்க் கொடுத்தது பழைய வீட்டு அட்டை.

திட்டுனது தெருவுல, அதனால தெருவுலயே நின்னு சொன்னேன். வீடு வீடாப் போனேன். "தப்பு எம்மேல, அவ பேர்ல ஒண்ணுமில்ல"ன்னு தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னேன். இந்தத் தொண்டை அன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சது. அவளுக்கு ரெண்டாயிரத்து இருநூறோட ஒரு ஐநூறையும் சேத்துக் கொடுத்தேன். ஐநூற எண்ணித் திருப்பித் தந்தா. "இது நூத்துக்கு ஒண்ணுல வராது அத்தான்"னா. எனக்கு மொகத்த எங்க வைக்கன்னு தெரியல.

அடுத்த ஞாயித்துக்கிழமை அட்டைகளோட ஆள் வந்துச்சு. தை மாசம் அவ புருஷனக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு காதுல மிஷினப் போட்டுக் கூட்டிட்டு வந்தா. கொண்டக்கடலை அளவுதான் இருந்துச்சு. ஊர்க்காரன் செல்போனுக்குக் காசு போட்டதுலயும் அடுப்புக்கு கேஸ் வாங்குனதுலயும் உதிந்த ஒத்த ரூவாக அவன் காதுக்குள்ள போயி உக்காந்திருக்கு. எத்தன நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்னு எனக்கே தெரியல.

அன்னைக்குத் தெருவுல நான் என்ன பேசுனேன்னு அவனுக்குத் தெரியாது. அவ சொல்லியே இருக்க மாட்டா. நாமளே சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன். "ஏலே சுடல..."

அவன் காதப் பொத்திக்கிட்டான். "அண்ணே, மெல்லப் பேசுங்க. கேக்குது."

உள்ளருந்து முத்துச்செல்வி எட்டிப் பாத்து, வேண்டாம்னு தலையாட்டுனா. நான் அவன் பக்கத்துல போயி உக்காந்தேன். பதினோரு வருஷங்கழிச்சு எந்தம்பிட்ட மெல்லப் பேசுன மொதப் பேச்சு, அவன் பொண்டாட்டியத் திருடின்னு சொன்னதத்தான்.