ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வால்வுப் பெட்டி

என் மனைவிக்குக் காது மெஷின் வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் பாட்டு நின்றுபோனது. மெஷின் வைத்ததும் அவளுக்குக் குக்கர் விசில் கேட்டது, தெருமுனையில் வரும் மீன்காரர் குரல் கேட்டது, நான் வாய்க்குள் முணுமுணுப்பதும் கேட்டது. ஸ்டீரியோவைப் போட்டால் மட்டும் முகம் சுளித்தாள்.

"என்னங்க, தகரத்து மேல மழ பேஞ்ச மாதிரி இருக்கு. நீங்க கேளுங்க, எனக்கு உள்ள வேல கெடக்கு."

உள்ளே ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். போடியில் எங்கள் கடைக்கு ஞாயிறு லீவு. சர்ச்சுக்குப் போய்வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, ஹாலில் இரண்டு நாற்காலி போட்டு நாலு மணி வரை பாட்டுக் கேட்பது கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வழக்கம். அப்போது பேச்சும் இல்லை, சண்டையும் இல்லை. இப்போது ஒரு நாற்காலியில் மடித்த துணி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் என் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காது டாக்டர் மெஷினை இரண்டு முறை சரிசெய்து கொடுத்தார். பேச்சு தெளிந்தது, பாட்டு தேறவில்லை. அப்புறம்தான் செல்போனில் தேட ஆரம்பித்தேன். பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழல் மாதிரி எரியுமே, அந்த வால்வு வைத்த பிரீஆம்ப் பெட்டி ஒன்றை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் மாட்டினால் ஓசையின் கூர் மழுங்கி மெத்தென்று வரும் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். சிலர் எழுதியிருந்த விலைக்கு ஒரு ஜீப்பே வாங்கலாம். நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் வேண்டும் என்று விசாரித்ததில், தேனியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார்.

அவர் மேஜையில் மூன்று பெட்டிகளை வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவு. வால்வுக்கு அடியில் நீல விளக்கு எரிந்தது. அந்த விளக்கு வெறும் ஜோடனை என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு, பழசு, ஆனால் பளபளப்பு. மூன்றாவது அவரே சேர்த்துக் கட்டியது; சாம்பல் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, முன்னால் அடி ஓசைக்கு பாஸ், கூர் ஓசைக்கு ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்.

"யாரு கேக்கப் போறாக?" என்றார் மெக்கானிக்.

"வீட்லதான்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான் ஏலக்காய் வியாபாரி. ஒரு கைப்பிடி சாம்பிளை உருட்டிப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்கிறவன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. வெளிநாட்டுப் பெட்டியில் பாடுகிறவரின் மூச்சு கூடக் கேட்டது. அதையே தூக்கிக்கொண்டு வந்தேன். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாக மெக்கானிக் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு அவள் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று பாட்டு ஓடியது. கை மட்டும் காதை விட்டு இறங்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள். சொந்தக்காரர் வீட்டில் உப்பில்லாத சாம்பாருக்கு அவள் சொல்லும் நல்லாருக்கு அது. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் நான் டெல்லி வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய ஏலக்காயைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்குப் புடிச்ச காயவா டெல்லிக்கு அனுப்புறீக?"

"அவுகளுக்குப் பச்சை நல்லா ஏறியிருக்கணும். அதத்தான் அனுப்பணும்."

"அது தெரியுதுல்ல? எனக்குன்னு ஒண்ணு வாங்கும்போது மட்டும் உங்க காதுல வச்சுப் பாத்துட்டு வந்துட்டீக."

 முப்பது வருஷமாக ஊரார் வாய்க்குக் காய் பொறுக்குகிறவன், இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த நாளே இருவரும் பஸ் ஏறித் தேனிக்குப் போனோம். மெக்கானிக் இப்போது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அக்கா, வால்வு மட்டும் எல்லாத்தையும் சரி பண்ணிராது. பாதி வேல இந்தக் குமிழு பாக்கும். நீங்களே திருகுங்க."

சாம்பல் பெட்டியின் ட்ரெபிள் குமிழை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். எனக்குப் போர்வைக்கு அடியிலிருந்து பாடுவது போல இருந்தது. அவளுடைய கை காதிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது. கால் விரல் தாளம் போட ஆரம்பித்தது. விலையும் மூன்றில் அதுதான் நடுத்தரம். வெளிநாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவிட்டோம்.

அதன் பிறகு ஞாயிறுகள் திரும்பிவிட்டன. அவள் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் என் கை குமிழுக்குப் போகும், தொடாமல் இழுத்துக்கொள்வேன். போன வாரம் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு மந்தமா இருக்குல்ல?"

"இல்லையே. நல்லாருக்கு."

"எந்த நல்லாருக்கு? சாம்பாருக்குச் சொல்றதா?"

சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குமிழை ஒரு துளி கூட்டி வைத்தாள். பாடுகிறவரின் மூச்சு லேசாக எனக்குக் கேட்டது. அந்தத் துளி அவள் காதில் குத்தியிருக்கும். ஆனாலும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு மணி வரை எழுந்து போகவில்லை.