கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவர்

மத்தியான டீ முடிந்ததும் என் கணவர் எங்கள் அலுவலக அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு கதவு தட்டப்படும். தட்டிக்கொண்டு உள்ளே வருகிறவர் என் கணவராக இருக்க மாட்டார்.

ஒரு நாள் கை முழுக்க சிமெண்ட் அப்பிய கொத்தனாராக வருவார். ஒரு நாள் தோளில் குழந்தை தூங்க, ஒற்றைக் கை மட்டும் மிச்சமிருக்கும் தாயாக. ஒரு நாள் மூக்குக்கண்ணாடி உடைந்துபோன ஓய்வுபெற்ற வாத்தியாராக. வந்து என் எதிரில் உட்கார்ந்து, "வீட்டுக்குத் தண்ணி கனெக்‌ஷன் வேணும்" என்பார். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஏனென்றால் நான்தான் வெப்சைட்.

சிரிக்காதீர்கள். பைத்தியம் என்றும் சொல்லாதீர்கள். அதைச் சொல்லும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு, நானும் குறை வைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நகர அலுவலகத்தின் வெப்சைட்டை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், பட்டன் எங்கே இருக்க வேண்டும், வந்தவரின் விரல் அடுத்து எங்கே போகும் என்றெல்லாம் யோசித்து வரைவது அவர் வேலை. வரைந்ததைத் திறக்கவும் மூடவும் ஓடவும் வைக்கிற கோட் எழுதுவது என் வேலை. அலுவலகத்தில், மூளை அவர், கை நான் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கை இல்லாவிட்டால் அந்த மூளை வெறும் காகிதம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

ஒன்றை வரைவதற்கு முன் அவர் இந்த விளையாட்டை ஆடியே தீருவார். விளையாட்டின் சட்டம் கறாரானது. ஸ்கிரீனில் எழுதியிருப்பதை மட்டுமே நான் சொல்லலாம். பரிதாபப்படக் கூடாது, ஊகிக்கக் கூடாது, எழுந்து உதவக் கூடாது.

"ஏன்மா, இந்த வீட்டு வரி எண் எங்க இருக்கும்?" என்று கேட்பார் வாத்தியார்.

"வீட்டு வரி எண்ணை உள்ளிடவும்" என்பேன்.

"அதான் எங்க இருக்குன்னு கேக்கறேன்."

"வீட்டு வரி எண்ணை உள்ளிடவும்."

வாத்தியார் மெல்ல எழுந்து போய்விடுவார். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே வந்து பென்சிலை எடுப்பது என் கணவர். சில நாள் அதுவும் நடக்காது. போனவர் போகாமல் அவருக்குள்ளேயே தங்கிவிடுவார். நான் டீ நீட்டினால், "ரொம்ப நன்றி மேடம்" என்று எழுந்து நின்று வாங்கிக்கொள்வார்.

"மேடமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் உங்க பெண்டாட்டி. வீட்டுக்கு வந்து சேருங்க" என்பேன்.

அலுவலகத்தில் அவருக்கு மேகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான். எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு ஜன்னல், இரண்டு மேசைகள், இரண்டுக்கும் நடுவில் ஒரே பிளக். வெயில் சாய்ந்து அவர் மேசைமேல் விழும் நேரத்தில் எதிர்மாடிக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த நீலச் சட்டைக்காரருக்கு லீவு கிடைக்கலை. சாப்பாட்டு இடைவேளையிலதான் நம்மகிட்ட வருவாரு. ஒரு கையில சோத்து டப்பா இருக்கும். அவருக்குப் பட்டன் பெருசா வேணும்" என்பார். நான் பார்த்தால் வெறும் சட்டைதான் தெரியும். கொஞ்ச நேரம் சேர்ந்து பார்த்தால், என்ன மாயமோ, சட்டைக்குள் ஓர் ஆள் மெல்லத் திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்ப்பதுபோல் எனக்கும் இருக்கும். வேலை கெட்டுவிடும் என்று தலையைத் திருப்பிக்கொள்வேன்.

கல்யாணமான புதிதில் என் அக்கா வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும்போது வாசலில் வைத்துச் சொன்னாள்: "ஆளு தங்கம்தான்டி. ஆனா பாதி நேரம் வீட்டுல இல்லையே!" உடம்பு சோபாவில்தான் இருக்கும். அக்கா சொன்னது அதைப் பற்றி இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டவர்களிடம் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று இவர் கேட்டால் வேலையில் வைத்திருப்பார்களா? வரிசை வெளி வாசல்வரை நீண்டுவிட்டதாம். அனுப்பிவிட்டார்கள். "வந்தவங்க யாருமே கேக்க வந்ததை முதல்ல கேக்க மாட்டாங்க. அதை அங்கதான் கத்துக்கிட்டேன்" என்பார், ஏதோ பதக்கம் வாங்கிய மாதிரி.

வரப்போகும் காலத்தைப் பற்றியும் அவருக்குக் கனவுகள் இருந்தன. "இனிமே ஸ்கிரீனே இருக்காது. ஜனங்க பேசுவாங்க, கம்ப்யூட்டர் கேக்கும். அப்போ பட்டனுக்கு எங்க போறது? அவங்க பேசி முடிச்சதும் ஒரு மௌனம் வருமே, நான் அதைத்தான் வரையணும்."

"மௌனத்துக்கெல்லாம் கோட் எழுத எனக்குத் தெரியாது சாமி. முதல்ல இந்தப் பட்டனை முடிச்சுக் குடுங்க."

அப்படி இருந்தபோதுதான் மேலாளர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்களைவிட இளையவர், நல்ல பெண். என் கணவரை அழைத்தால் சார், என்னை அழைத்தால் அக்கா. நேராகப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புதுசா ஒரு மெஷின் வாங்கறாங்க. என்ன வேணும்னு சொன்னா அதுவே வரையுது, அதுவே கோட் கூட எழுதிடுது. அதைப் பார்த்துக்க ஒருத்தர் போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தர்தான் இருக்க முடியும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் என் கணவர் நிம்மதியாக மேலே பார்த்துக்கொண்டு நடந்தார். எங்கேயாவது முட்டிக்கொள்ளப் போகிறாரே என்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நான்.

"யாரு இருந்தா என்ன?" என்றார்.

வந்ததே கோபம்! அவருக்கு என்ன, நினைத்தால் யாராக வேண்டுமானாலும் ஆகிவிடுவார். எனக்கு நானாக இருக்க மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தன் போனில் நாங்கள் செய்த வெப்சைட்டைத் திறந்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். அவள் விரல் தடங்கல் இல்லாமல் போய் முடியும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுகூட உண்டு. நான் செய்தது அது. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக வேண்டும். ஆனால் அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது? வேலை போனால் இந்த மனிதர் நூல் அறுந்த பட்டமாகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். மூளையை விட்டுவிட்டுக் கையை வைத்துக்கொள்வார்களா என்ன. ஊரே அவர்தான் இருப்பார் என்று முடிவு செய்துவிடும். அவர் சட்டைக் கையை விடாமல் நடந்தேன்.

சில வாரம் கழித்து மேலாளர் மறுபடி கூப்பிட்டார். மெஷின் செய்த முதல் வேலையைக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து நாங்கள் சொல்வதை வைத்து யார் என்று முடிவாகும் என்றார். வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அதைப் பதிவு செய்கிற வேலை. பெரிய ஸ்கிரீனில் திறந்து காட்டினார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. உறுத்தாத நிறம், கண்ணை இடிக்காத எழுத்து. நான் உள்ளே போய் அது எழுதிய கோட் முழுவதையும் பார்த்தேன். ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு துப்புரவாக எழுதியிருக்க மாட்டேன். என் முகத்தில் ஈயாடவில்லை.

என் கணவர் எழுந்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"சார் எங்க போறாரு?" என்றார் மேலாளர்.

"வருவாரு மேடம். நீங்கதான் வெப்சைட். ஸ்கிரீன்ல இருக்கறத மட்டும் படிங்க. வேற எதுவும் சொல்லிடாதீங்க. அவர் சொல்றத அப்படியே டைப் பண்ணுங்க."

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார், எந்த நேரமும் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல்.

மேலாளர் தயக்கத்தோடு படித்தார். "இறந்தவரின் பெயர்?"

அவர் என் பெயரைச் சொன்னார்.

மேலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், படியுங்கள் என்று.

"இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"பெண்டாட்டி."

"இறந்தவரின் கைபேசி எண்?"

அவர் என் நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக, பத்திரமாக வைத்திருந்த சாமானைத் திரும்பக் கொடுக்கிற மாதிரி. மேலாளர் டைப் செய்து அடுத்ததற்குப் போனார்.

"இந்த எண்ணுக்கு ஓர் ஓடிபி அனுப்பியிருக்கிறோம். அதை உள்ளிடவும்."

என் கைப்பையில் போன் அதிர்ந்தது.

அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சம் அவர் முழங்காலில் விழுந்திருந்தது. அந்த அறை நான் இல்லாமலேயே இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வெளிச்சம், மேசை, நாற்காலி, அவர். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அது அவ போன் மேடம். அவ விரல் வெச்சாதான் திறக்கும்" என்றார்.

மேலாளர் ஸ்கிரீனில் இருந்ததைப் படித்தார். "ஓடிபி வரவில்லையா? மீண்டும் அனுப்பவும்." அவர் விரல் தானாக அதை அழுத்தியது.

மறுபடி கைப்பை அதிர்ந்தது.

"வருது மேடம். சத்தம் கேக்குது. அவதான் எடுக்க மாட்டேங்கறா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சட்டமாவது ஒன்றாவது! எழுந்து போய் மேலாளருக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"போனை விடுங்க. அது வேணாம்" என்றேன். "எதையும் இப்ப நிரப்ப வேணாம். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க அங்க கேட்டுக்கறோம். எங்களுக்குத் தெரியும், நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வீட்டுக்குப் போங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார் என்பது கண்ணில் தெரிந்தது.

மேலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, நிஜமாவே அப்படிச் செய்ய முடியுமா?" என்றார்.

"ஆஸ்பத்திரி ரெக்கார்டோட நம்மளதை இணைக்கணும். முடியும். மெஷின்கிட்ட சொன்னா அதுவே எழுதிடும், நான் கூட இருந்து பார்த்துக்கறேன். அதுக்கு இப்படிக் கேக்கணும்னு தோணாது, அவ்வளவுதான்."

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் வெச்சுக்கத்தான் ஆசை. என் கையில இல்லை. சார் இல்லாம இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அக்கா இல்லாம இதுக்குப் பதில் இல்லை. யாருன்னு நான் சொன்னா பாவமாப் போயிடும். நீங்களே சொல்லிடுங்க."

என் கணவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. என்னைப் பார்த்து, அமைதியாக, "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மூன்றாவது மனுஷி முன்னால் வைத்துக் கேட்கிற கேள்வியா இது! இத்தனை வருஷம் ஊரில் இருக்கிற கொத்தனார், வாத்தியார், பிள்ளை பெற்றவள் எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று யோசித்த மனுஷர், என்னை இதைக் கேட்டது அன்றுதான். நீங்களே இருங்க என்கிற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பெண்டாட்டி சொல்ல வேண்டிய பதில். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு இந்த வேலை வேணுங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வேறு ஒன்றும் இல்லை.

"சரி" என்றார். மேலாளர் பக்கம் திரும்பி, "இவங்கதான் மேடம்" என்றார்.

கீழே இறங்கும்போது நடுப்படியில் நின்றுவிட்டார். கைப்பிடியைத் தடவிப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்தார். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

"கோவமா?" என்றேன்.

"கோவம் எல்லாம் இல்லைம்மா. நாளைக்கு எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியலை. பயமா இருக்கு."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன். அப்படியானால் நீங்களே இருங்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை.